பால்கனி வேண்டாம், சின்னக் கப்பல் பாருங்கள்: அண்டார்டிக்கா கிளம்பும் முன்

அண்டார்டிக்கா போக ஆசைப்பட்டுக் கப்பல் தேடுகிறவர்கள் விலையைப் பார்க்கும் முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: கப்பலில் மொத்தம் எத்தனை பயணிகள்? அங்கே ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. ஆகவே பெரிய கப்பலின் மலிவு டிக்கெட்டில் கிடைப்பது கண்ணாடி வழியே பனிமலை பார்க்கும் பாக்கியம்தான், பென்குவின் பக்கத்தில் போகவே முடியாது. அதற்கு இவ்வளவு தூரம் எதற்கு? 400 பேர் கப்பல் என்றாலும், ஒரு கூட்டம் கரையில் இருக்கும்போது மற்றவர்கள் ரப்பர் படகில் சுற்ற வேண்டும், இல்லையென்றால் கப்பலிலேயே காத்திருக்க வேண்டும். 200 பேருக்குள் இருந்தால் பாதிப் பேர் கரையில், பாதிப் பேர் படகில், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். நான் போனது அப்படி ஒன்றில்தான், கொடுத்த காசு வீண் போகவில்லை.

பால்கனி அறைக்குக் கூடுதலாகக் கொட்டாதீர்கள். தென் அமெரிக்க முனையிலிருந்து டிரேக் நீரிணையைக் கடக்கவே ஏறக்குறைய இரண்டு நாள், திரும்பும்போதும் அதே பாடு. கடல் கொந்தளித்தால் பால்கனிக் கதவைத் திறக்கக் கூடாது, திமிங்கிலம் வந்தால் எல்லோரும் மேல்தளத்துக்குத்தான் ஓடுகிறோம். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கிற அறை விலையும் குறைவு, ஆட்டமும் குறைவு. வாந்திக்கு மாத்திரை வேண்டுமா, டாக்டரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிவிடுங்கள். சிலேயின் புண்டா அரீனாஸிலிருந்து அண்டார்டிக்காவின் கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் போய் அங்கே கப்பல் ஏறும் வழியும் உண்டு, டிரேக் தொல்லை இல்லை. ஆனால் விலையும் எகிறும், வானிலை சரியில்லை என்றால் விமானமும் கிளம்பாது.

பெரும்பாலான கப்பல்கள் கிளம்புகிற அர்ஜென்டினாவின் தென்முனை ஊரான உஷுவாயாவில்தான் எனக்குக் கடுப்பேறியது. விமான நிலையம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதற்கு ஒரு டாக்சிக்காரர் கேட்ட தொகை, அப்பப்பா! பெட்டியையும் குளிரையும் பார்த்துவிட்டுக் கொடுத்துத் தொலைத்தேன். ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுங்கள். ஆனால் அன்று ராத்திரி ஆட்டுக்குட்டியைக் கம்பியில் விரித்துக் கட்டி விறகு நெருப்பின் முன்னால் நிற்கவைத்து மெதுவாகச் சுட்டுக் கொடுத்தார்கள் பாருங்கள், உப்பு மட்டும்தான், மசாலா ஒன்றும் கிடையாது, எலும்போரத்துக் கறி தானாகக் கழன்று வந்தது. அந்த ஊரில் எல்லோரும் புகழும் சென்டோயா நண்டு எனக்கு அதன் விலைக்குத் தகுந்ததாகப் படவில்லை.

எந்த மாதம்? நவம்பரில் பனி சுத்தமாக இருக்கும், டிசம்பர் கடைசியிலிருந்து பென்குவின் குஞ்சுகள், பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலம். குஞ்சு பார்க்கப் போகிறவர்கள் நாற்றத்துக்கும் தயாராகுங்கள், எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது, ஜென்டூ பென்குவின் கூட்டத்தின் பக்கமிருந்து காற்று வீசும் இடத்தில் நின்றால் மூக்கைப் பொத்தாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவித்தான் உள்ளே விடுவார்கள், பூட்ஸ் பெரும்பாலும் கப்பலிலேயே தருவார்கள், முன்பே கேட்டுவிட்டு, தருவார்கள் என்றால் புதிதாக வாங்காமல் வாருங்கள். ஆனால் அவசர மருத்துவ மீட்புக்கான காப்பீட்டில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், அது இல்லாமல் பல நிறுவனங்கள் கப்பலில் ஏற்றவே ஏற்றாது.