கவுண்டரில் நாவல் இல்லை

2019 மார்ச் மாதக் கடைசி வாரம். நான் கவுண்டரில் வேலை பார்க்கும் தபால் ஆபீஸில், வருமான வரிச் சலுகைக்காக பி.பி.எஃப்., செல்வமகள் சேமிப்புக் கணக்குகளில் பணம் கட்ட வருபவர்களின் கூட்டம் மதியம்வரை ஓயவில்லை. மாலையில் கணக்கு முடிக்கும்போது என் கையிருப்பில் 2,000 ரூபாய் குறைந்தது. மூன்று முறை எண்ணினேன். ஐந்நூறு தனியாக, நூறு தனியாக அடுக்கி மறுபடியும் எண்ணினேன். போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "பதட்டப்படாதம்மா, வவுச்சரை ஒண்ணொண்ணாப் பாப்போம்" என்றார். பார்த்தோம். வவுச்சர்கள் எல்லாம் சரியாக இருந்தன. அப்படியென்றால் பத்தாயிரம் எடுக்க வந்த யாருக்கோ இருபது நோட்டுக்குப் பதிலாக இருபத்து நான்கு நோட்டுகளைக் கொடுத்திருக்கிறேன்.

அது எந்த நேரத்தில் நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். போஸ்ட் மாஸ்டரிடம் சொல்லவில்லை. பதினொன்றரை மணி இருக்கும். அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலில், செத்துப்போன அம்மாவின் காதில் கிடந்த பாம்படத்தை யார் வைத்துக்கொள்வது என்று அக்காவும் தங்கையும் சண்டை போடும் இடத்தில் நான்கு நாளாக நின்றுகொண்டிருந்தேன். அக்கா சொல்ல வேண்டிய பதில் வரவே இல்லை. அன்றைக்கு நோட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது அது வந்துவிட்டது. வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்த்தபடியே எண்ணினேன். கை பழக்கத்தில் ஓடியது, கண் எங்கேயோ இருந்தது.

பணம் குறைந்தால் கவுண்டரில் உட்கார்ந்தவர்தான் கட்ட வேண்டும், அதுதான் முறை. கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தப் பணம் யாரிடம் போனது என்று இன்றுவரை தெரியாது. வாங்கிப்போனவர் எண்ணிப் பார்த்திருக்கவும் மாட்டார், தபால் ஆபீஸ் பணம் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கைதான் என்னை அன்று தூங்கவிடவில்லை.

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் என்று 1964ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அவற்றின் 15ஆவது விதியில், ஊழியர் எப்போதாவது இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த வேலைகளில் ஈடுபட முன் அனுமதி தேவையில்லை என்று இருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: அதனால் அரசுப் பணி பாதிக்கப்படக் கூடாது. முதல் நாவலை எழுதத் தொடங்கிய சமயத்தில், இதற்குத் துறையில் அனுமதி வாங்க வேண்டுமா என்று பயந்து இந்த விதியைத் தேடிப் படித்திருந்தேன். அப்போது முதல் பாதியைத்தான் சந்தோஷமாகப் படித்தேன். அந்த மார்ச் மாத இரவில்தான் இரண்டாம் பாதி உறைத்தது. கவுண்டரில் இருக்கும்போது நாவல் கிடையாது என்று அன்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். ஒன்பது மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்தால் அதற்கப்புறம் நாவலுக்கு எங்கே நேரம்? சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ஆறரை ஆகிவிடும். இரவுச் சாப்பாடு, பாத்திரம், மறுநாளைக்கு மாவு, மகளின் படிப்பு, மாமியாருக்கு மாத்திரை. பத்து மணிக்கு நோட்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எழுதியவை எல்லாம் களைத்துப்போன வரிகள், மறுநாள் படிக்கும்போதே தெரியும். கடைசியில் எஞ்சியது காலைதான். நாலே காலுக்கு எழுந்திருப்பேன். ஐந்தே முக்காலுக்குப் பால்காரர் மணி அடிக்கும்வரை என் நேரம். அதில் முக்கால் பக்கம் வந்தால் நல்ல நாள்.

தபால் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப். 1834இல் லண்டன் தபால் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 33 வருடம் வேலை பார்த்தவர். பிரிட்டனில் தெருவோரத் தபால் பெட்டி வரக் காரணமாக இருந்தவர். 1852இல் சேனல் தீவுகளில் அவர் யோசனைப்படிதான் முதலில் வைத்துப் பார்த்தார்கள். நாற்பத்தேழு நாவல்கள் எழுதியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கு வைத்து எழுதுவாராம். இதைத் தன்வரலாற்றில் அவரே சொல்கிறார். இப்படி அளந்து எழுதினால் அது இலக்கியமா என்று பலர் அவரைக் குறைத்துப் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மாலையில் பைசா பைசாவாகக் கணக்கு நேர் செய்துவிட்டு எழும் மனுஷனுக்குத்தான் அந்தக் கடிகாரத்தின் அருமை தெரியும்.

அதே புத்தகத்தில் இன்னொரு தகவலும் இருக்கிறது. அவரைக் காலையில் எழுப்பிக் காபி கொண்டுவந்து கொடுப்பதற்காக வயதான வேலைக்காரர் ஒருவருக்கு வருஷத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாராம். தான் எழுதியதற்கெல்லாம் அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருப்பதாகவும் நன்றியோடு சொல்கிறார். நம் மொழியிலும் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியவர்கள்தான் அதிகம். லா.ச.ரா. வங்கியில், தி. ஜானகிராமன் வானொலியில், சுந்தர ராமசாமி ஜவுளிக்கடையில், திலகவதி காவல் துறையில். ஒவ்வொருவர் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கும்போதும், இவர்களைக் காலையில் எழுப்பியது யார், காபி போட்டது யார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பியது யார் என்று என் மனம் கேட்டுக்கொண்டே இருக்கும். என் காபியை நான்தான் போடுகிறேன். ஆனால் மகள் பிளஸ் டூ முடித்த பிறகு வாரத்தில் இரண்டு நாள் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. "சனியும் புதனும் நீ அடுப்படிக்கு வராதம்மா" என்றாள். இரண்டாவது நாவலை அவளுக்குத்தான் கொடுக்கப்போகிறேன்.

நேரத்தைப் பற்றியே எல்லாரும் கேட்கிறார்கள். அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. விட்ட இடத்துக்குத் திரும்பிப் போவதுதான் அது. சிறுகதையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடித்துவிடலாம். நாவல் அப்படி இல்லை. இருபது பேரை மனதில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பத்து நாள் எழுத முடியாது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஒரு வாரம் போய்விடும். திரும்பி வந்து நோட்டைத் திறந்தால் அத்தனை பேரும் அந்நியர்களாக நிற்பார்கள். ஒருமுறை, மூன்றாம் அத்தியாயத்தில் கணவனை இழந்த சித்தி, பதினோராம் அத்தியாயத்தில் கணவனுக்குச் சோறு கட்டிக்கொண்டு வயலுக்குப் போவதாக எழுதியிருந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை வருட இடைவெளி. அதைக் கண்டுபிடித்த அன்று அழுதேன். நான் படைத்த ஒருத்தியின் துக்கத்தை நானே மறந்துபோனது பெரிய துரோகம்போல இருந்தது.

அதற்குப் பிறகு சில வழக்கங்களை உண்டாக்கிக்கொண்டேன். காலையில் எழுதி முடிக்கும்போது கடைசி வரியை முடிக்காமல் பாதியில் விடுவேன். அடுத்து வரவேண்டிய சொல் தெரிந்திருந்தும் எழுத மாட்டேன். மறுநாளோ பத்து நாள் கழித்தோ வந்தால் அந்தச் சொல்லை எழுதத்தான் கை முதலில் போகும். கை போனால் மனமும் பின்னாலேயே போய்விடும். அப்புறம், முந்தைய பக்கத்தைச் சத்தமாகப் படிப்பது. அரிசி கொதிக்கும்போது, அடுப்புக்கு முன்னால் நின்று. டிராலப்பும் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படித்து, சொற்களின் ஓசையைக் காதால் நிறுத்துப் பார்ப்பாராம். அதைப் படித்தபோது தெரிந்தவர் ஒருவரை வழியில் பார்த்ததுபோல இருந்தது.

கவுண்டரில் நாவலை நினைப்பதில்லை என்று முடிவெடுத்தபோது, எதையோ இழக்கப்போகிறேன் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அதுவரை கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்பது மெல்லத்தான் புரிந்தது.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். சுற்றியுள்ள கிராமங்களில் பீடி சுற்றாத வீடு குறைவு. என் அம்மாவும் பீடி சுற்றித்தான் என்னைப் படிக்கவைத்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆயிரம் பீடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டாள். அந்தப் பெண்கள்தான் எங்கள் ஆபீஸுக்கு ஆர்.டி. கட்ட வருகிறவர்கள். மாதம் நூறு ரூபாய், ஐந்நூறு ரூபாய் என்று ஐந்து வருடம் கட்டுவார்கள். ஆதார் வந்த பிறகு, விரலை வைத்துப் பணம் எடுக்கும் சின்னக் கருவியும் வந்தது.

ஒருநாள் ஓர் ஆச்சி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வலது ஆள்காட்டி விரலை வைத்தார், விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், விழவில்லை. கட்டை விரல், நடுவிரல், இடது கை, எதுவும் விழவில்லை. பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். ஈரத்துணி கொடுத்தேன். விரலைப் பிடித்து நானே கருவியில் அழுத்திவிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் அந்த விரல் நுனியைக் கிட்டத்தில் பார்த்தேன். ஊறின இலையைச் சுருட்டிச் சுருட்டி, நுனியை மடக்கி அடைத்து அடைத்து, தோல் வழவழவென்று ஆகியிருந்தது. நகக்கண்ணில் புகையிலையின் பழுப்பு. ரேகை இருக்க வேண்டிய இடம் தேய்ந்த ஆட்டுக்கல் மாதிரி இருந்தது.

"எட்டு வயசுல சுத்த ஆரம்பிச்ச கையில்லா தாயி, அதுல என்னத்த இருக்கும்" என்றார் ஆச்சி. வருத்தமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார். ஏழாவது தடவை இடது மோதிர விரல் விழுந்தது. அந்த விரலுக்கு பீடி சுற்றுவதில் வேலை குறைவு.

அன்றைக்கு இரவு என் அம்மாவின் விரல்களை நினைத்துப் பார்த்தேன். எப்படி இருந்தன என்று ஞாபகமில்லை. பதினெட்டு வருடம் அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன். பீடி சுற்றும் குடும்பத்தைப் பற்றி ஒரு நாவல் முழுக்க எழுதியிருக்கிறேன். அதில் விரல் நுனி இல்லை. இரண்டாவது நாவல் அங்கேதான் தொடங்கியது.

இதில் ஓர் எல்லையும் உண்டு. கவுண்டரில் கண்ணால் பார்ப்பது வேறு, கணக்கில் பார்ப்பது வேறு. யார் கணக்கில் எவ்வளவு, யார் யாருக்குத் தெரியாமல் கட்டுகிறார்கள், யார் எதற்காகப் பாதியில் எடுத்தார்கள், எல்லாம் எங்களுக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்பது வேலையில் சேர்ந்தவுடன் கற்றுக்கொள்ளும் பாடம். நாவலில் பெயரை மாற்றி எழுதினால் சொன்னதாக ஆகுமா? நான் என்னையே ஏமாற்றிக்கொண்டு, ஒரு பெண்ணின் கணக்கை வைத்து அப்படி ஒரு பகுதியை எழுதினேன். பதினான்கு பக்கம். நான் எழுதியதிலேயே நன்றாக வந்த பக்கங்கள் அவை. அந்தப் பெண் அடுத்த மாதமும் வந்தார், அதே எட்டாம் தேதி. பாஸ்புக்கை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினான்கு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நாவல் கொஞ்சம் காலியாகத்தான் இருக்கிறது. என்னை எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தும் நண்பர் ஒருவர் எழுத்தாளருக்கு இந்தத் தயக்கம் ஆகாது என்கிறார். அவர் கவுண்டரில் உட்கார்ந்ததில்லை.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாவலின் விலை 280 ரூபாய், ராயல்டி பத்து சதவீதம். முதல் வருடத்தில் 190 பிரதிகள் விற்றன. 5,320 ரூபாய் வந்தது. ஒரு மேஜையும் நாற்காலியும் வாங்கினேன். அதுவரை சாப்பாட்டு மேஜையில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்தில் பிழைக்க முடியாது என்பதால் மட்டும் நான் வேலையை வைத்துக்கொண்டிருக்கவில்லை. சம்பளம் இருப்பதால்தான் யாருக்காகவும் எழுத்தை வளைக்க வேண்டியதில்லை. போன வருடம் பதவி உயர்வு வந்தது. வேறு ஊருக்கு, ஒன்றரை மணி நேர பஸ் பயணம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் எழுதிக்கொண்டிருந்தபோது வந்து மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போனார். தாள் பறந்துகொண்டிருந்தது.

இப்போது முகத்தைக் காட்டிப் பணம் எடுக்கும் வசதியும் வந்துவிட்டது. விரல் விழாதவர்களுக்கு அது பெரிய விடுதலை. அந்த ஆச்சி போன வாரம் வந்திருந்தார். விரலைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னைக்கு விரல் வேண்டாம் ஆச்சி. இந்த போனப் பாருங்க, போதும்."

"மூஞ்சியவா கேக்கு?"

"ஆமா ஆச்சி."

"கொஞ்சம் பொறு தாயி" என்று திரும்பி நின்றார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கலைந்திருந்த நரைமுடியை இரண்டு கையாலும் படியவைத்து, கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டார். பின்னால் நின்றவர்கள் யாரும் முனகவில்லை. போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"கண்ணச் சிமிட்டுங்க ஆச்சி."

சிமிட்டினார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை எண்ணி, இன்னொரு முறை எண்ணி, அவர் கையில் கொடுத்தேன்.