மந்திரம் இல்லாத இளவரசிகள்

நேற்று இரவு ஒரு மாயாஜால நாவலை முடித்தேன். அக்காவுக்கு நிச்சயித்த பகைநாட்டு இளவரசனைத் தங்கை மணக்க வேண்டிய கட்டாயம். முந்நூறு பக்கம் தவிக்கவிட்டு, கடைசியில் விரலசைவில் ஒரு மந்திரம், கல்யாணம் நின்றுவிட்டது. எரிச்சலாக வந்தது.

வியன்னா அரண்மனையில் இந்தக் கதை நிஜமாகவே நடந்திருக்கிறது. ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசாவுக்கு 16 பிள்ளைகள். நேப்பிள்ஸ் மன்னன் பெர்டினாண்டுக்கு முதலில் பேசிய மகள் ஜோஹன்னா 1762இல் பெரியம்மையில் இறந்தாள். அடுத்து ஜோசஃபா, 1767இல் புறப்படவிருந்த வேளையில் அவளையும் அம்மை வாரிக்கொண்டு போனது. மாப்பிள்ளை மாறவில்லை, பெண்தான் மாறினாள்: 1768இல் மரியா கரோலினா! அதே அம்மை இன்னொரு மகள் எலிசபெத்தின் முகத்தில் தழும்பிட்டதும், பேரழகி என்று பேர்பெற்றவளைப் பெண் கேட்டு வருவது நின்றுபோனது. கடைசி மகள் மரி அந்துவானெத் 14 வயதில் பிரான்சுக்குப் போனாள், பிரெஞ்சுப் புரட்சியில் அவள் தலை துண்டிக்கப்பட்டது ஊரறிந்தது. காதலித்தவனையே கைப்பிடித்தவள் மரியா கிறிஸ்டினா ஒருத்திதான். அம்மாவின் செல்லம் அவள்; வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

நாவலின் இரண்டாம் பாகத்தையும் வாங்கிவிட்டேன், அது வேறு விஷயம்.