பழைய கலன் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும்?

பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில், 14 ஆண்டுகளாக ஓடும் நீராவிக் கலன் ஒன்றின் அடிப்பகுதியில் நேற்று துருவைச் சுரண்டி, ஒலி கடத்தும் பசை தடவி, தடிமன் அளக்கும் மீயொலிக் கருவியை வைத்தபோது, திரையில் 9.2 மில்லிமீட்டர் என்று வந்தது. புதிதாக இருந்தபோது அந்தத் தகட்டின் தடிமன் 12.

"தம்பி, இன்னும் ஓட்டலாமா?" என்று கேட்டார் பராமரிப்பு மேற்பார்வையாளர்.

ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டர் வீதம் தேய்ந்திருக்கிறது. வடிவமைப்பு அழுத்தத்தைத் தாங்கக் குறைந்தது 8.4 வேண்டும் என்பதால் மீதமுள்ள ஆயுள் 4 ஆண்டுகள். அதில் பாதிக்குள், அதாவது 2 ஆண்டுகளுக்குள், மறுபடியும் உள்ளே இறங்கிப் பார்த்தாக வேண்டும். ஆனால் தேய்மானம் சீராக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். அடியில் நீர் தேங்கும் கலனில், அண்மைய ஆண்டுகளில் அது வேகமெடுத்திருக்கலாம் என்பதே என் கவலை.

தேய்ந்த கலனைத் தொடர்ந்து ஓட்டலாமா என்று மதிப்பிட, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) 579 நெறிமுறை இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் முதலில் வெளிவந்த அது, இத்தகைய மதிப்பீட்டை மூன்று படிநிலைகளாகப் பிரிக்கிறது. முதற்படியில் தேறாத கலனை உடனே கழித்துவிடத் தேவையில்லை. கூடுதல் அளவீடுகளோடு அடுத்த படிக்குக் கொண்டு செல்லலாம், அல்லது அழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம். பற்றவைப்பு ஓரத்தில் விரிசல் தென்பட்டால் கதை வேறு. தடிமன் கணக்கு அங்கே உதவாது, உலோகத்தின் முறிவுத் தாங்குதிறனும் விரிசலின் ஆழமும் தெரிந்தாக வேண்டும்.

முந்தைய சோதனைகளின் அளவீட்டு ஏட்டைக் கேட்டிருக்கிறேன். அது கைக்கு வரும்வரை "ஓட்டலாம்" என்று கையெழுத்திட மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.