நம்ம எம்.எல்.ஏ. தாவப் போகிறாரா?

ஒரு வாரமாக எங்கே போனாலும் இதே பேச்சுதான். எங்கள் எம்.எல்.ஏ.வின் புதுச் சுவரொட்டியில் கட்சித் தலைவர் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது, சின்னத்தைக் காணவே காணோம். கேட்டால் "வதந்தி" என்கிறார். இல்லை என்று மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்!

நான் அவருக்காக ஓட்டுப் போடவில்லை, சின்னத்துக்குத்தான் போட்டேன். அந்த ஓட்டைத் தூக்கிக்கொண்டு எதிர் முகாமுக்குப் போக இவருக்கு என்ன உரிமை?

1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. 15 நாட்களுக்குள் 3 முறை கட்சி மாறினார். அப்புறம் 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. தானாகக் கட்சியை விட்டாலோ சபையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்லும் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ பதவி போகும். சட்டமன்றக் கட்சியில் மூன்றில் ஒரு பங்குப் பேர் பிரிந்தால் தப்பலாம் என்றிருந்த ஓட்டையை 2003-ல் அடைத்தார்கள், ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்து இன்னொரு கட்சியோடு இணைந்தால் இன்றும் தப்பிவிடலாம். தகுதி நீக்கம் பற்றி முடிவெடுப்பவர் சபாநாயகர், அவர் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். வேலிக்கு ஓணான் சாட்சி. 2020-ல் உச்ச நீதிமன்றம் 3 மாதத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லியும் மனுக்கள் இழுத்துக்கொண்டுதான் கிடக்கின்றன.

சரி, போவதென்றால் போகட்டும். முதலில் ராஜினாமா செய்துவிட்டு, புதுச் சின்னத்தோடு இடைத்தேர்தலில் வந்து கேட்கட்டும். போன முறை வாசலில் நின்று கும்பிட்டவர்தானே, இன்னொரு தடவை கும்பிட்டால் கை தேய்ந்துவிடாது.