அனுமதி கேட்டு வந்தவர்

"பதினோரு மணிக்குள்ள கொண்டாந்து விட்டுர்றேன் டீச்சரம்மா. இன்னைக்கு ஒரு நாளு."

என் மாணவனைக் கண்மாய்க்குக் கூட்டிப்போக அவன் தாத்தா கேட்டது இவ்வளவுதான். நான் சொன்ன பதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. "இல்லைங்கய்யா, இன்னைக்கு ஆபீசர் வர்றாங்க. கண்மாய் எங்க போயிடப் போகுது? அடுத்த வருஷம் கூட்டிட்டுப் போங்க." பேச்சு இரண்டு நிமிடம்கூட நீளவில்லை. பத்தொன்பது வருட வேலையில் இதைவிடக் கடுமையாக எத்தனையோ பெற்றோரிடம் பேசியிருக்கிறேன். அவையெல்லாம் மறந்துவிட்டன. இது மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்தாலும், பாத்திரம் துலக்கினாலும் வந்து நிற்கிறது.

அழிகண்மாய் அன்று, அதாவது வற்றிய கண்மாயில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாளில், பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று நம் பக்கத்து ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடம் பெரிய கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்திருந்தது. அறுப்பு முடிந்து தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும், பங்குனியில் ஒரு புதன்கிழமை மீன்பிடி என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்ததிலிருந்து பிள்ளைகள் நேரத்தோடு வந்துவிடுவார்கள். அன்றும் வந்தார்கள், பொங்கலைச் சாப்பிட்டார்கள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்கள். மணி அடித்தபோது இருபத்து மூன்று பேரில் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். மீதிப் பேர் பின்பக்கக் கருவேலங்காட்டு வழியாகக் கண்மாய்க்கு ஓடியிருந்தார்கள்.

அவன் ஓடவில்லை. ஐந்தாம் வகுப்பு. வாசிப்பில் தடுமாறுவான், ஒரு பத்தியை முடிப்பதற்குள் சட்டைக் காலர் நனைந்துவிடும். ஆனால் முதல் மழைக்கு எந்தப் புற்றில் ஈசல் கிளம்பும், காரைப்பழம் எந்தப் பொட்டலில் முதலில் பழுக்கும், கண்மாயில் எந்த மடைப் பக்கம் பள்ளம் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். எல்லாம் அவன் அய்யாவோடு, தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவான், ஆடு மேய்க்கப் போய்க் கற்றது. அன்று காலை அவன் வாசலைப் பார்த்தபடி வரிசையில் நின்றான். அய்யா வந்து டீச்சரிடம் கேட்பார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கேட்டார். துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கொண்டுவந்து விடும் நேரத்தையும் அவரே சொன்னார்.

நான் முடியாது என்றதும் அவர் முகம் மாறவில்லை. "கம்மா போகாது டீச்சரம்மா" என்றார். அப்புறம் கையிலிருந்த சின்ன ஊத்தாவை, மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் மூங்கில் கூடையை, தாழ்வாரத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும். சாயந்தரம் பய எடுத்துட்டு வந்துருவான்." பெரிய ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனார்.

அந்த ஊத்தாவை அன்று முழுவதும் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன். பெரியவர்களுடையது இடுப்பு உயரம் இருக்கும். இது என் முழங்காலுக்குச் சற்று மேலே. மூங்கிலைச் சீவி, குச்சி குச்சியாக அடுக்கி, பச்சை நைலான் கயிற்றால் மூன்று சுற்றுப் பின்னியிருந்தார். கீழ்வாய் அகலம், மேல்வாய் சின்னக் கை நுழையும் அளவு. அந்த மேல்வாயைச் சுற்றி மட்டும் பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றியிருந்தார், பையன் கை கீறாமல் இருக்க. மூங்கில் இன்னும் வெளுக்கவில்லை. புதுசு, இந்த மீன்பிடிக்கென்றே செய்தது.

மதியம் சாப்பாட்டுக்கு விட்டபோது சின்னப் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் ஊத்தாவை எடுத்துச் செம்மண்ணில் குத்திக் காட்டினான். "சும்மா குத்தக் கூடாது. காலால சேத்தத் தடவிக்கிட்டே போகணும். குத்துனா உள்ள டப்பு டப்புன்னு அடிக்கும். அப்பத்தான் மேல கைய விடணும். கெளுத்தியா இருந்தா மெதுவா, முள்ளு ஏத்திரும். வெராலுன்னா தலையைப் பிடிக்கணும், வாலைப் பிடிச்சா வழுக்கிரும்." ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. ஐந்து வருடத்தில் அவன் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு நின்ற நான், "போதும், கையக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க" என்றேன்.

அலுவலர் வந்தார், பத்து நிமிடம் இருந்தார். வருகை குறைவாக இருப்பதற்குக் காரணம் கேட்டார். அழிகண்மாய் என்றேன். "வழியெல்லாம் வண்டியா நிக்குது, அப்பவே நெனச்சேன். எங்க ஊர்ல வர்ற ஞாயித்துக்கிழமை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் இதே போன்ற ஒரு நாளில், நான் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன். ஒரு பெண் பிள்ளைக்கு உள்ளங்காலில் கெளுத்தி முள் ஏறி, கால் வீங்கி, ஊசி போடத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. மறுநாள் அதன் அம்மா வந்து, "பள்ளிக்கூட நேரத்துல எம்புள்ள எப்படி டீச்சர் கம்மாயில இருந்துச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பள்ளி நேரத்தில் பிள்ளை என் பொறுப்பு. அதில் எனக்கு இன்றும் இரண்டாவது கருத்து கிடையாது.

சரி, ஆனால் அன்று நான் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லையே. ஆபீசர் வருகிறார் என்றுதான் சொன்னேன். அது மட்டுமல்ல, அந்தப் பிள்ளை தனியாகப் போனது. இவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு பெரியவர் வந்து நின்றார். பொறுப்பை அவர் ஏற்றுக்கொள்ளத்தான் வந்தார்.

என்னை உறுத்துவது இதற்கும் மேலே ஒன்று. கேட்காமல் ஓடிய பதினோரு பேரையும் நான் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் கையில் மீன் கவிச்சியோடு வந்தார்கள். "ஒழுங்கா சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா" என்று கேட்டதோடு சரி. கேட்டவனைத்தான் உட்கார வைத்தேன். எதைச் செய்தாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தப் பன்னிரண்டு பேரும் அன்று என்னிடம் கற்றது என்ன? மற்றப் பதினோரு பேர் கற்றது என்ன? விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. என்னை மதித்தவர் மேல் மட்டும்தான் அது செல்லுபடியானது.

மறுநாள் காலை அவன் ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "அப்பத்தா குடுத்து விட்டுச்சு." அழிகண்மாய் மீனை விற்கக் கூடாது, குழம்பு வைத்துச் சாமிக்குக் காட்டிச் சொந்தபந்தத்துக்குக் கொடுத்துச் சாப்பிட்டால்தான் அடுத்த வருடம் மழை இறங்கும் என்பது இங்கே நம்பிக்கை. என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். உள்ளே விரால், நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டிருந்தது. வீட்டில் இரவு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று மறுநாள் அவனிடம் சொன்னேன். வேறு எதையும் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வருடம் கண்மாய் நிரம்பவில்லை. ஐப்பசியில் நாலு நாள் பெய்து, கார்த்திகையில் வெயில் அடித்தது. பள்ளத்தில் கிடந்த தண்ணீரும் மாசிக்குள் மாடு குடித்துத் தீர்ந்தது. வெளியூர்க்காரர்களுக்குச் செட்டிநாடு என்றால் தேக்குத் தூணும் கோழிக்குழம்பும். இங்கே இருப்பவர்களுக்கு இது வானம் பார்த்த சரளை மண். அவ்வளவு பெரிய வீடு கட்டியவர்களும் ஓட்டிலிருந்து வளவில், அதாவது நடுமுற்றத்தில், இறங்கும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்தார்கள். குடிக்கிற ஊருணியில் கால் நனைக்க விடாத ஊர்கள் இவை. கண்மாய் பெருகுவது இங்கே வருடா வருடம் வரும் பண்டிகை இல்லை. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்துவிட்டு, "அடுத்த வருஷம்" என்று அவ்வளவு எளிதாகச் சொன்னேன். அவரோ கண்மாய் போகாது என்று மட்டும்தான் சொன்னார். தண்ணீரைப் பற்றி அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆறாம் வகுப்புக்கு அவன் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான்.

இந்த வருடம் மறுபடி அழிகண்மாய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள், அதனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் புதன்கிழமை என்றுதான் முதலில் பேச்சு வந்ததாம். "புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல, ஞாயித்துக்கிழமையா வைங்கப்பா" என்று ஒருவர் சொன்னதாகச் சத்துணவு சமைக்கும் அக்கா சொன்னார். யார் என்று கேட்டேன். அவன் அய்யாதான்.

லீவு நாள்தான், ஆனாலும் பஸ் ஏறிப் போனேன். கரையில் புளியமர நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் நாலு கரையிலிருந்தும் சனம் இறங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை.

"நீங்க எறங்கலையாய்யா?"

"முட்டி ஒத்துக்கிடல டீச்சரம்மா. சேத்துல கால வச்சா பிடுங்க முடியல. போன அழிப்புல எறங்குனதுதேன்."

போன அழிப்பு என்றால் அந்தப் புதன்கிழமை.

இன்னைக்கு ஒரு நாளு என்று அவர் சொன்னதை அன்று நான் எல்லோரும் சொல்வதைப் போலத்தான் கேட்டேன். காது குத்துக்கும், குலசாமி கும்பிடவும் லீவு கேட்கிறவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் சொல்வார்கள். அவரும் அப்படியே சொல்லியிருக்கலாம். முட்டி வலி அப்போதே தொடங்கியிருந்ததா, பேரனைக் கூட்டிக்கொண்டு இறங்க இதுதான் கடைசி என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, அல்லது இதெல்லாம் நான் பின்னால் கட்டிச் சேர்ப்பதா? பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கலாம். அன்றைக்கு உங்களை அப்படி அனுப்பியிருக்கக் கூடாது என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், "நீங்க சொன்னது சரிதான் டீச்சரம்மா" என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அவன் நெஞ்சு வரை சேறோடு கரையேறி வந்தான். தோளில் அய்யாவின் பெரிய ஊத்தா, பையில் நாலைந்து ஜிலேபிக் கெண்டை. என்னைப் பார்த்ததும் ஊத்தாவைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்று "வணக்கம் டீச்சர்" என்றான். சின்ன ஊத்தா அவன் தங்கச்சியிடம் இருந்தது. அவள் எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. கரையோரம் கணுக்கால் தண்ணீரில் குத்திக்கொண்டிருந்தாள். எதுவும் மாட்டவில்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மேல்வாயில் கையை விட்டுத் துழாவினாள். அவள் பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. கரையிலிருந்து அவர்தான், "இடது பக்கம் குத்து ஆத்தா, இடது பக்கம்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை இருபத்தொரு பேரும் வந்திருந்தார்கள். வருகையை ஏற்றினேன்.