சுக்கானுக்கு ஒரு சூட்டுப் பெட்டி

டிசம்பர் 9
வாடை பிடித்துக்கொண்டது. பட்டறைத் தகரம் இரவெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. நேற்று மாலை படகுக்காரச் சம்மாட்டியாரின் சுக்கான் பலகைக்கு எப்பொக்சிப் பிசின் பூசினேன். காலையில் தொட்டால் பெருவிரல் ரேகை அப்படியே பதிகிறது. வெப்பமானியில் 23 பாகை. மலைக்குளிரில் இருக்கும் நுவரெலியாக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் பிசினை இறுகவைக்க என்னிடம் இருப்பது மெதுவாக வேலை செய்யும் ஹார்ட்னர், திருகோணமலை வெயிலை நம்பி வாங்கியது. வெப்பம் 10 பாகை இறங்கினால் இறுகும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

டிசம்பர் 10
இறுகிவிட்டது. ஆனால் மேலே மெழுகு தடவியதுபோல ஒரு வழுவழுப்பு. ஹார்ட்னரில் உள்ள அமீன் என்ற இரசாயனம், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து படியவிடும் படலம் அது. தம்பி தின்னர் போத்தலோடு வந்தான். தின்னர் அதைப் பரப்பிவிடத்தான் செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரும் துணியும் போதும். கழுவிக் காயவிட்டு அரத்தாள் போட்டேன்.

"மண்ணெண்ணெய் அடுப்பை உள்ளே வைப்போமா, அண்ணா?" என்றான். நல்ல யோசனைதான், எரியும் அடுப்பு நீராவியையும் கரியமில வாயுவையும் விடாதென்றால்!

டிசம்பர் 11
மீன் ஏற்றும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டிகள் இரண்டை வெட்டி ஒட்டினோம். உள்ளே 60 வாட் பழைய மின்குமிழ். அதற்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் எல்இடியை நீட்டுகிறார்கள். அது வெளிச்சம் தரும், எனக்கு வேண்டியது அது வீணென்று கழித்த சூடு. ரெஜிபோம் உருகாமலிருக்கக் குமிழைச் சுற்றித் தகரம் வைத்தேன். முதலில் 47 பாகைக்குப் போய்விட்டது. மூடியை ஒரு விரற்கடை திறந்து வைத்ததும் 36இல் நின்றது.

டிசம்பர் 12
அவசரத்தில் கெட்டேன். குளிர்ந்த பலகையில் பூசி உடனே பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மரம் சூடேற, அதன் துளைகளிலிருந்த காற்று விரிந்து வெளியே வந்தது. பூச்சு முழுக்கக் கடுகளவு குமிழிகள், அம்மை போட்டதுபோல. எல்லாவற்றையும் சுரண்டினேன். இம்முறை பலகையை முதலில் சூடாக்கி, வெளியே எடுத்து, அது ஆறும்போது பூசினேன். ஆறும் மரம் பிசினை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓரத்து வெடிப்பில் அது இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்தேன். தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

டிசம்பர் 13
இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்துப் போத்தல்களில் நிரப்பிப் பலகையைச் சுற்றி அடுக்கினேன். கன்னியாவில் ஏழு கிணறு வெந்நீர் சும்மா கிடக்கிறது, நான் இங்கே எரிவாயுவைக் கரைக்கிறேன்.

டிசம்பர் 15
பூச்சில் அழுத்திப் பார்த்தேன், நகம் இறங்கவில்லை. சம்மாட்டியார் வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

மாலையில் அம்மா தயிர்ச் சட்டியோடு பட்டறை வாசலில் நிற்கிறார். வாடையில் உறைய மாட்டேன் என்கிறதாம். பிசின் நெடி ஏறும் என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன்.