மூன்று நோட், மூன்று குறுஞ்செய்தி: ஓனோஸில் ஆப் எழுதிய கதை

ஆபீஸில் என் தலையில் விழுந்த வேலை பார்க்கச் சின்னதுதான். நெட்வொர்க்கில் எந்தக் கருவி சேரலாம், எது கூடாது என்று முடிவு செய்யும் ஒரு ஆப், ஓனோஸ் கன்ட்ரோலருக்காக. நெட்வொர்க் ஸ்விட்சுகளை இயக்கும், 2014-இல் வெளிவந்த திறமூல மென்பொருள் அது, ஆப் எழுதுவது ஜாவாவில். அனுமதிப் பட்டியலை ஜாவாவின் சாதாரண அட்டவணையான ஹேஷ்மேப்பில் போட்டு, சிங்கப்பூர் தெம்பனிஸ் வீட்டில் ராத்திரி மினிநெட்டோடு (கணினிக்குள்ளேயே போலி நெட்வொர்க் உருவாக்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்த்தேன், ஒரே நோட்டில் (கன்ட்ரோலர் ஓடும் ஒரு கணினி) பிரமாதமாக ஓடியது.

மூன்று நோட் சேர்ந்து இயங்கும் கிளஸ்டரில் ஏற்றியதும் கூத்து ஆரம்பித்தது. அனுமதி கொடுத்த கருவியை ஒரு ஸ்விட்ச் உள்ளே விடுகிறது, பக்கத்து ஸ்விட்ச் துரத்துகிறது. லாக்கில் ஒரு பிழை கூட இல்லை. இரண்டு நாள் ஸ்விட்சைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

தேக்காவில் பிராட்டா சாப்பிடும்போது கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். "தம்பி, உன் மேப் எந்த நோட்டில இருக்கு?" என்றார், அவ்வளவுதான். ஆப்பை ஒரு தடவை ஏற்றினாலும் அது மூன்று நோட்டிலும் ஓடும், ஆனால் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு நேரத்தில் ஒரு நோட்தான் மாஸ்டர், பேக்கெட் அந்த மாஸ்டரிடம்தான் வரும். நான் முதல் நோட்டின் 8181 போர்ட் வழியாகச் சேர்த்த அனுமதி, அந்த நோட்டின் நினைவகத்தில் மட்டும்தான் இருந்தது. மற்ற இரண்டுக்கும் என் பட்டியல் காலி!

சரி, எல்லா நோட்டுக்கும் பொதுவான கன்சிஸ்டென்ட்மேப்புக்கு மாற்றினேன். உடனே 'கிளாஸ் பதிவாகவில்லை' என்று ஒரு பிழை, என் சொந்த கிளாஸை, தரவைப் பைட்டுகளாக மாற்றும் சீரியலைசரில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். ஒரே வரி, அரை நாள் போச்சு.

அப்புறம் இன்னொன்று. புதுக் கருவி வந்தால் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியை அந்த மேப்பின் லிஸனரில் (மேப் மாறும்போதெல்லாம் தானாகக் கூப்பிடப்படும் நிரல்) வைத்திருந்தேன். லிஸனர் மூன்று நோட்டிலும் கூப்பிடப்படும், அதனால் மேனேஜருக்கு மூன்று மூன்றாக வந்தது (அவர் சிரிக்கவில்லை). நோட்டுகளில் ஒன்றைத் தலைவராக்கும் லீடர்ஷிப் சர்வீஸில் தலைவராக இருக்கும் நோட் மட்டும் அனுப்பட்டும் என்று மாற்றியதும் அது அடங்கியது.

கடைசியில் வேண்டுமென்றே ஒரு நோட்டை நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதையும் நிறுத்தினேன், புது அனுமதி சேர்க்கப் போனால் நேரம் முடிந்து பிழை வந்தது. பயந்து போய் அண்ணனைக் கூப்பிட்டால், "நோட்டெல்லாம் ஒத்துப்போக வைக்கிற ராஃப்ட்டுக்குப் பெரும்பான்மை வேணும், மூணுல ஒண்ணு இருந்தா எப்படி எழுதும்?" என்று போனை வைத்துவிட்டார்.